பாசறைக்கு வந்த மடல்கள்: முதல் உலகப்போர்த் தணிக்கைக் கோப்புகளில் இல்லத்தார் குரல்

போர்க்கால மடல்கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் களத்திலிருந்து வீட்டிற்கு வந்த மடல்களையே தரவாகக் கொண்டு அமைகின்றன. வீட்டிலிருந்து களத்திற்குச் சென்ற மடல்கள் அவற்றின் பின்னிணைப்புப் போலவே கருதப்பட்டு வந்துள்ளன. தரவுப் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். வீட்டிற்கு வந்த மடல் பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எடுத்துப் படிக்க எஞ்சியது. களத்திற்குச் சென்ற மடலோ சிப்பாயின் சட்டைப்பையில் மழையிலும் சேற்றிலும் நனைந்து கிழிந்தது. படை இடம்பெயர்ந்தபோது கைவிடப்பட்டது. அவன் மாண்டபோது அவனோடு போயிற்று. எனவே ஓர் உரையாடலின் ஒரு பாதி மட்டுமே ஆய்வாளர் கைக்குக் கிடைக்கிறது. ஆயினும் மறுபாதி முற்றாக அழிந்தது என்று விட்டுவிடுவதற்கில்லை. முதல் உலகப்போரில் (1914-1918) பிரான்சு நாட்டில் பணிபுரிந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அவர்தம் ஊர்களிலிருந்து எழுதப்பட்ட மடல்கள் எங்கே, எவ்வடிவில் எஞ்சியுள்ளன என்பதையும், அவ்வாறு எஞ்சியவற்றைப் படிக்கும் முறை எதுவாக இருத்தல் தகும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ் அகமரபில் பயின்றவர்க்கு இவ்வினா அயலானதன்று. பாசறையில் தலைவனும் இல்லில் தலைவியுமாகப் பிரிந்திருக்கும் நிலை முல்லைத்திணையின் அடித்தளங்களுள் ஒன்று. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளில் இல்லத்தையும் பாசறையையும் காட்டுகிறது. ஆனால் இவ்விரண்டிற்கும் இடையே ஒரு செய்திகூடக் கடந்து செல்வதில்லை. முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று விரிச்சி கேட்டு நிற்கின்றனர். ஆய்மகள் ஒருத்தி கன்றுகளைப் பார்த்து, தாய்ப்பசுக்கள் இப்பொழுதே வந்துவிடும் என்று தேற்றும் சொல் அவர்கள் காதில் விழுகிறது. அதை நன்னிமித்தமாகக் கொண்டு வந்து தலைவியைத் தேற்ற முயல்கின்றனர். கன்றுக்குச் சொன்ன சொல் தலைவிக்கு உரியதாக மாறுகிறது. யாருக்கோ சொல்லப்பட்டதை வேறொருவர் கேட்டுப் பொருள்கொள்ளும் இந்நிலை, பிரான்சில் தணிக்கை மேசையில் நிகழ்ந்ததோடு ஒருவகையில் ஒத்தது. அங்கே தந்தை மகனுக்குச் சொன்னதை அரசு கேட்டது. அரசு கேட்டுக் குறித்து வைத்ததனாலேயே இன்றைய ஆய்வாளரும் அதைக் கேட்க முடிகிறது.

தணிக்கை மேசை

இந்தியப் படையின் முதல் அணி 1914 செப்டம்பர் இறுதியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 இந்தியர் மேற்குக் களத்திற்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் காலாட்படையையும் குதிரைப்படையையும் சேர்ந்தோர். ஏனையோர் போரிடாப் பணியாளர். காலாட்படை 1915 இறுதியில் மெசபடோமியாவிற்கு மாற்றப்பட்டது. குதிரைப்படை 1918 தொடக்கம்வரை பிரான்சிலேயே இருந்தது.

இப்படையினரின் அஞ்சலைப் படித்துப் பார்ப்பதற்கு 1914-ஆம் ஆண்டிலேயே தனி அலுவலகம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. இந்திய ஆட்சித்துறை அலுவலராகிய ஈ. பி. ஹோவெல் அதன் முதல் தலைமைத் தணிக்கையாளர். இங்கு நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. தணிக்கையின் தொடக்க இலக்கு படைக்குள் வரும் அஞ்சலே. வெளிநாடுகளில் இயங்கிய இந்தியப் புரட்சியாளரின் வெளியீடுகள் அஞ்சல்வழிச் சிப்பாய்களை அடைந்துவிடலாம் என்பது அரசின் அச்சம். படையிலிருந்து வெளிச்செல்லும் மடல்கள், குறிப்பாகக் காயமுற்று இங்கிலாந்து மருத்துவமனைகளில் கிடந்தோர் எழுதியவை, அதன்பின்னரே முதன்மை பெற்றன. ஆக, அரசின் கண்ணில் முதலில் ஐயத்திற்குரியதாக விளங்கியது வந்த அஞ்சலே. ஆய்வாளர்கள் இரண்டாம் இடத்தில் வைத்ததை அரசு முதலிடத்தில் வைத்துத் தொடங்கியது.

1915 மார்ச்சு அளவில் இந்தியச் சிப்பாய்கள் வாரந்தோறும் 10,000 முதல் 20,000 வரையிலான மடல்களை எழுதினர் என்று கணக்கிடப்பட்டது. இவ்வளவையும் ஒரு சிறு குழு முழுமையாகப் படித்தல் இயலாது. எனவே தணிக்கையாளர்கள் தேர்ந்து படித்தனர். படித்தவற்றுள் குறிப்பிடத்தக்கன என்று கருதியவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து, சில பத்திகளை மட்டும் எடுத்தெழுதி, தம் அறிக்கையோடு இணைத்தனர். மூல மடல் பெரும்பாலும் தடுக்கப்படாமல் உரியவருக்கே அனுப்பப்பட்டது. அது அவரோடு மறைந்தது. எடுத்தெழுதிய ஆங்கிலப் பகுதி மட்டும் கோப்பில் தங்கி, இன்று இலண்டன் பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களுள் உள்ளது. உருதுவிலும் குர்முகி எழுத்துப் பஞ்சாபியிலும் இந்தியிலும் பஷ்துவிலும் எழுதப்பட்டவை ஒரே ஆங்கில நடையில் நின்றுவிட்டன. சென்னை மாகாணப் படையினர் பெரிதும் மெசபடோமியா, கிழக்காப்பிரிக்கா ஆகிய களங்களுக்கே அனுப்பப்பட்டமையால் இத்தொகுதியில் தமிழ் மடலை எதிர்பார்ப்பதற்கில்லை. தமிழ்த்துறை ஆய்வாளர்க்கு இது குறையே; ஆனால் மூலமொழி இழந்த பனுவலை எவ்வாறு படிப்பது என்ற சிக்கல் எல்லா மொழியினர்க்கும் பொது.

ஹோவெலின் அறிக்கை ஒன்று இலக்கிய மாணவர்க்கு வியப்பளிப்பது. 1915 சனவரியில் எழுதியதில், வழக்கத்தைவிடக் கூடுதலான சிப்பாய்கள் தம் மடல்களில் கவிதை எழுதத் தொடங்கிவிட்டதாகவும், அதை மனக்கலக்கத்தின் தீய அறிகுறியாகத் தாம் கருதுவதாகவும் அவர் குறிப்பிடுகிறார். கவிதையை நோய்க்குறியாகப் பதிந்துவைத்த இவ்வலுவலரை எளிதில் எள்ளிவிடலாம். எனினும் எழுத்தின் வடிவ மாற்றத்தை உள்ளடக்கத்திற்கு இணையான சான்றாகக் கொண்டவர் அவர். பின்வந்த வரலாற்றாசிரியர் பலர் இம்மடல்களை வெறும் செய்தித் தொகுப்பாகவே படித்தனர் என்பதை நோக்க, வடிவத்தைக் கவனித்த அளவில் தணிக்கையாளரே மேம்பட்ட வாசகர் எனலாம்.

இக்கோப்புகளைப் பரவலாக அறியச் செய்தவர் டேவிட் ஒமிசி. 1999-இல் அவர் வெளியிட்ட தொகுப்பு அறுநூற்றுக்கும் மேற்பட்ட மடல்களைக் கால வரிசையில் தருகிறது. அதன் உழைப்பும் முன்னுரையின் தெளிவும் பாராட்டிற்குரியன. இந்திய அலுவலகக் கோப்புகளை நேரில் காண இயலாத இந்தியப் பல்கலைக்கழக மாணவர்க்கு நெடுங்காலம் அதுவே வாயிலாக இருந்தது. ஆனால் நூலின் துணைத்தலைப்பு ‘சிப்பாய்களின் மடல்கள்’ என்பதாகும். உள்ளே தந்தையரும் உடன்பிறந்தாரும் மனைவியரும் ஊரிலிருந்து எழுதியனவும் இடம்பெறுகின்றன. தலைப்பு அவர்களை ஏற்கவில்லை. கால வரிசை அமைப்பும் இதற்கு உடந்தையாகிறது. ஊரிலிருந்து வந்த மடல், தொடர்பில்லாத இருவேறு சிப்பாய் மடல்களுக்கு இடையே தனித்து நிற்பதால் விடையற்ற வினாவாகவே படிப்பவர் மனத்தில் பதிகிறது. எழுதியவர் யார், பெறுபவர் யார் என்ற அடிப்படையில் இம்மடல்களை மறுபடி அடுக்கிப் பார்க்கும் தொகுப்பு ஒன்று செய்யத்தக்கது.

வெட்டப்பட்ட நலவுரை

மடல் ஒன்று எவ்வெக் கைகளைக் கடந்து கோப்பை அடைந்தது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். பஞ்சாப் மாகாணமே படைக்கு மிகுதியாக ஆள் தந்தது. 1911 மக்கள்தொகைக் கணக்கின்படி அம்மாகாணத்தில் எழுத்தறிந்த பெண்கள் ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை. ஆண்களிலும் எழுத்தறியாதவரே மிகப் பெரும்பாலோர். எனவே தாயோ மனைவியோ சொல்ல, பள்ளி ஆசிரியரோ, அஞ்சலகத்தாரோ, உறவில் எழுதத் தெரிந்த சிறுவனோ எழுதினான். களத்திலும் இதே நிலைதான். எழுத்தறிந்த தோழன் உரக்கப் படிக்க, பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். இரு முனையிலும் மடல் பொதுநிகழ்வு. இடையில் மொழிபெயர்ப்பாளரும் தணிக்கையாளரும் சேர்ந்துகொண்டனர். சொன்னவர், எழுதியவர், பெயர்த்தவர், தேர்ந்தவர் என நான்கு நிலைகளைக் கடந்த பின்னரே ஒரு மடல் ஆய்வாளரை வந்தடைகிறது. இந்நிலையில் மனைவியின் மடலை எடுத்துக்காட்டி ‘இதோ பெண்ணின் நேர்க்குரல்’ என்று அறிவிக்கும் போக்கு ஏற்கத்தக்கதன்று.

அகப்பாடல்களில் தலைவியின் உள்ளத்தைத் தோழி எடுத்துரைப்பதை நினைந்து, மடல் எழுதிக்கொடுத்தவரைத் தோழியின் நிலையில் வைத்துப் பார்க்கத் தோன்றலாம். இவ்வொப்புமை ஓரளவிற்கே செல்லும். தோழி தலைவியின் பக்கம் நிற்பவள். ஊர் எழுத்தர் ஆண். பல வேளைகளில் கணவன் வீட்டு உறவினர், அல்லது அவர்களுக்குக் கட்டுப்பட்டவர். மாமியாரின் கொடுமையையோ கொழுநனின் நிலப்பேராசையையோ அவரிடம் சொல்லி எழுதவைக்க ஒரு பெண்ணால் எந்த அளவிற்கு இயலும்? ஆகவே மனைவியர் மடல்களில் பணவிடை வந்து சேர்ந்தது, எருமை கன்று ஈன்றது, விடுப்புக் கேட்டீரா என்றாற்போன்ற செய்திகள் வருமாயின் அவற்றை உணர்ச்சி வறுமை என்று ஒதுக்குதல் பிழை. பிறர் முன்னிலையில் சொல்லத்தகும் சொற்களுக்குள் நின்றுதான் பிரிவு பேசப்பட வேண்டியிருந்தது. விடுப்புக் கேட்டீரா என்பதே அச்சூழலில் ‘வந்துவிடும்’ என்பதன் பொதுவழக்கு வடிவம்.

இதனினும் முதன்மையான இழப்பு ஒன்று பலரால் இழப்பாகவே கருதப்படவில்லை. தணிக்கைக் கோப்பில் உள்ளவை முழு மடல்கள் அல்ல; எடுத்தெழுதிய பகுதிகள். எவற்றை எடுத்தனர், எவற்றை விட்டனர் என்று நோக்கின், பெரும்பாலானவற்றில் விடுபட்டவை நலவுரையும் வணக்கமும் உறவினர் பெயர் வரிசையுமே. அரசுக்கு அவை பயனற்றவை. படையின் மனநிலை, ஊரின் அரசியல், ஆள்சேர்ப்பு பற்றிய எதிர்ப்பு, வெள்ளைப் பெண்களோடு தொடர்பு முதலியனவே அதற்கு வேண்டியிருந்தன. ஆய்வாளரும் அரசின் இத்தேர்வை அறியாமலே ஏற்று, நலவுரையை வாய்பாடு என்று தள்ளி, எஞ்சியதை மடலின் சாரமாகக் கொண்டுவிட்டனர்.

‘நலம், நலமறிய அவா’ என்று தொடங்கும் மடல்களில் வளர்ந்த தமிழர்க்கு இதன் பிழை எளிதில் விளங்கும். அத்தொடர் புதுச் செய்தி எதையும் தருவதில்லை. ஆனால் அது இல்லாத மடல் அச்சந்தரும். தமிழில் மடல் என்னும் வடிவத்தின் பழைய சான்றுகளுள் ஒன்றாகிய திருமுகப்பாசுரம் பதினோராந் திருமுறையின் தொடக்கத்தில் உள்ளது. பாணபத்திரருக்குப் பொருள் கொடுத்து அனுப்புமாறு சேரமான் பெருமாளுக்கு ஆலவாய் இறைவன் விடுத்ததாக அமைந்த அப்பாடலில் வேண்டுகோள் இறுதி அடிகளில் சுருக்கமாக நிற்கிறது. அதற்கு முன் உள்ளவை அனுப்புவோன் இருக்கும் ஊரும் பெறுவோனின் இயல்புமே. பிற்காலச் சீட்டுக்கவிகளும் விடுப்போர் பெருமையையும் பெறுவோர் பெருமையையும் விரித்த பின்னரே கேட்பதைக் கேட்கின்றன. இன்ன இடத்திலிருக்கும் இன்னார் இன்ன இடத்திலிருக்கும் இன்னாருக்கு எழுதுகிறார் என்று நிறுவுவதே மடலின் முதற்பணி. ஏனையவை அதன்பின் வருவன. தணிக்கையாளர் இத்தகைய ஒரு பாடலைப் பெயர்த்திருந்தால் ‘பாணர் ஒருவருக்குப் பணம் கேட்கிறார்’ என்ற ஒரு வரியே கோப்பில் எஞ்சியிருக்கும்.

கடல்கடந்த களத்தில் இருக்கும் மகனுக்கு ஊரிலிருந்து எழுதப்படும் மடலில் இன்னின்னார் வணக்கம் சொன்னார்கள் என்று அத்தையும் சிற்றப்பனும் அண்டைவீட்டாரும் அடுக்கப்படுவது வெறும் மரபன்று. அப்பட்டியலில் இருப்போர் உயிரோடிருக்கின்றனர் என்பது அதன் முதற்செய்தி. சென்ற மடலில் இருந்த பெயர் இம்மடலில் இல்லையெனில் பெறுவோன் கலங்குவான். கொள்ளைநோய் பஞ்சாபில் ஆண்டுதோறும் உயிர்கொண்ட காலம் அது. 1918-இல் இன்புளுயன்சாவும் சேர்ந்தது. சாவுச் செய்தியை நேரே எழுதத் தயங்கும் குடும்பங்களில் பெயரின் மறைவே செய்தி. இத்தகைய மறைவுகளைத் தணிக்கைப் பகுதிகளிலிருந்து மீட்க வழியில்லை. பெயர் வரிசையை முழுதாக விட்ட கோப்பில் எப்பெயர் விடுபட்டது என்று எப்படிக் காண்பது?

விடையிலிருந்து வினா

இல்லத்து மடலைத் தேடுதற்குரிய மற்றோர் இடம் சிப்பாயின் மறுமொழி. நீங்கள் இவ்வாறு எழுதியிருந்தீர்கள் என்று தொடங்கி மறுமொழி கூறுமிடங்களில் ஊர் மடலின் நிழல் தெரிகிறது. சங்கப் பாடல்களில் ஒருவர் கூற்றுக்குள் மற்றவர் கூற்று அடங்கிவருவதைக் கொண்டெடுத்து மொழிதல் என்பர். அம்முறை இங்கும் கைகொடுக்கும். தம்பி படையில் சேர வேண்டா என்று அண்ணன் எழுதினால், சேரலாமா என்று ஊரில் எவரோ கேட்டிருக்கின்றனர் அல்லது சேர முற்படுகின்றனர் என்பது பெறப்படும். மகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு பிரான்சிலிருந்து எழுதும் தந்தை, அங்குள்ள பெண்கள் கணக்குப் பார்ப்பதையும் வயலை நடத்துவதையும் கண்டு எழுதுகிறான். இத்தகைய மடல்கள் கணிசமாக உள்ளன. அவற்றிற்கு ஊர் அளித்த விடை என்ன என்பதை அடுத்தடுத்த மடல்களில் அவன் மறுபடி வற்புறுத்துகிறானா, விட்டுவிடுகிறானா என்பதைக்கொண்டு உய்த்துணர வேண்டியுள்ளது.

கருமிளகு, செம்மிளகு என்னும் மறைச்சொற்கள் இத்துறையில் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டவை. இந்தியச் சிப்பாய்களைக் கருமிளகு என்றும் வெள்ளைச் சிப்பாய்களைச் செம்மிளகு என்றும் குறித்து, கருமிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது என்றாற்போல எழுதினர். சிப்பாயின் கூர்மதிக்குச் சான்றாகவே இது காட்டப்படுகிறது. ஆயின் மறைமொழி ஒன்று இயங்க வேண்டுமானால் அதை விடுவிக்க வல்லவர் மறுமுனையில் இருத்தல் வேண்டும். முன்னதாக எவ்வித உடன்பாடும் செய்துகொள்ள இயலாத நிலையில், மளிகைப் பொருள் பற்றிய ஒரு வரியைப் போர்க்களச் சாவுச் செய்தியாகப் புரிந்துகொள்ளும் திறம் ஊராரிடம் இருக்கும் என்று சிப்பாய் நம்பினான். அந்நம்பிக்கை, எழுத்தறியாதவராகக் கணக்கிடப்பட்ட ஊராரின் வாசிப்புத்திறனுக்கு எஞ்சியுள்ள நல்ல சான்று. தணிக்கையாளரும் அதை விடுவித்துவிட்டனர் என்பது வேறு. அதனால்தான் இன்று அது தெரியவருகிறது.

குலேரியின் கதை

வெட்டப்பட்ட நலவுரையின் மதிப்பை உணர்த்தும் பனுவல் ஒன்று போர் நடந்துகொண்டிருந்தபோதே இந்தியில் எழுதப்பட்டது. சந்திரதர் சர்மா குலேரியின் ‘உஸ்னே கஹா தா’ என்னும் சிறுகதை 1915-இல் சரஸ்வதி இதழில் வெளிவந்தது. இந்திச் சிறுகதை வரலாற்றின் முதன்மையான ஆக்கங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. காதலும் ஈகமும் என்ற கோணத்திலேயே அதனைப் பெரும்பாலோர் விளக்குகின்றனர். வீட்டிற்கும் களத்திற்கும் இடையே சொல் பயணம் செய்யும் முறையை ஆராய்ந்த கதையாக அதைப் படிப்பதற்கும் இடமுண்டு.

அமிர்தசரசுக் கடைத்தெருவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் எட்டு வயதுச் சிறுமியைக் காண்கிறான். நிச்சயமாகிவிட்டதா என்று விளையாட்டாக நாள்தோறும் கேட்கிறான். ஒருநாள் ஆகிவிட்டது என்கிறாள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஜமேதார் லஹனா சிங்காகிய அவன், போருக்குப் புறப்படுமுன் தன் சுபேதாரின் வீட்டிற்குச் செல்கிறான். சுபேதாரின் மனைவி அச்சிறுமியே. கணவனும் ஒரே மகனும் களம் செல்கின்றனர். இருவரையும் காத்துத் தரவேண்டும் என்று முந்தானையை விரித்துக் கேட்கிறாள். களத்தில் லஹனா சிங் தன் காயத்தை மறைத்து, அவ்விருவரையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு இறக்கிறான்.

இக்கதையில் மடல் எதுவும் எழுதிக் காட்டப்படுவதில்லை. ஆனால் மடல் பேசப்படுகிறது. வண்டி புறப்படும்போது லஹனா சிங் சுபேதாரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறான். மனைவிக்கு மடல் எழுதும்போது தன் வணக்கத்தை எழுத வேண்டும். வீடு சென்றபின், அவர் சொன்னதைத் தான் செய்துவிட்டதாக வாயால் சொல்ல வேண்டும். மடலில் வணக்கம் மட்டும், செய்தி நேரில். தணிக்கை அலுவலகம் எதைப் பயனற்றது என்று வெட்டி எறிந்ததோ அதை மட்டுமே இக்கதைமாந்தன் மடலில் வைக்கிறான். எதைச் செய்தி என்று எடுத்தெழுதியதோ அதை மடலுக்கு வெளியே வைத்துக்கொள்கிறான். ‘வணக்கம் சொன்னான்’ என்ற வரியைப் பிரான்சில் ஒரு தணிக்கையாளர் கண்டிருந்தால் எடுத்தெழுதியிருக்கமாட்டார். எழுதிய கணவனுக்கும் அதன் முழுப்பொருள் தெரியாது. படித்துக் கேட்கும் ஒருத்திக்கு மட்டுமே அது இருபத்தைந்து ஆண்டுகளின் கணக்கு.

தலைப்பும் இவ்வகையில் நுட்பமானது. ‘உஸ்னே’ என்ற இந்திச் சொல் ஆண்பால் பெண்பால் காட்டாது. தமிழில் ‘அவள் சொன்னாள்’ என்று பெயர்த்தவுடன் மறைவு கலைந்துவிடுகிறது. ‘அவர் சொன்னது’ என்றால் ஓரளவு காக்கப்படும். சொன்னவர் பால்கூடத் தெரியாமல் நிற்க, சொல் மட்டும் களம்வரை செல்கிறது. கதையின் இறுதியில் நாளிதழின் இறந்தோர் பட்டியலில் படைப்பிரிவும் பதவியும் பெயருமாக லஹனா சிங் ஒரு வரியாகிறான். ஒரே சாவைப் பற்றி மடல் வணக்கம், வாய்மொழி, அரசுப் பட்டியல் என மூன்று பதிவுகள். மூன்றும் ஒன்றையொன்று அறியா. குலேரி பிரான்சிற்குச் சென்றவரல்லர். தணிக்கைக் கோப்பைக் கண்டிருக்கவும் வழியில்லை. ஆயினும் போர்க்கால மடலின் இயக்கத்தைப் பின்வந்த ஆவணத் தொகுப்புகளினும் தெளிவாக அவர் உணர்ந்திருந்தார் என்பது மிகையன்று.

தொகுத்த பாட்டி

ஊரார் மடல் எழுதுவோராக மட்டுமன்றி மடல்களைத் தொகுப்போராகவும் இருந்தனர் என்பதற்கு வங்கமொழியில் அரிய சான்று உள்ளது. இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த கேப்டன் கல்யாண் முகர்ஜி மெசபடோமியாவில் பணியாற்றி, 1916-இல் கூட் நகர் வீழ்ந்தபோது துருக்கியரிடம் சிறைப்பட்டு, 1917-இல் சிறையிலேயே இறந்தார். அவர் தம் தாய்க்கு எழுதிய மடல்களை இணைத்து, அவருடைய பாட்டி மோட்சதா தேவி ‘கல்யாண் பிரதீப்’ என்னும் வாழ்க்கை வரலாற்றை 1928-இல் வெளியிட்டார். போர்ப்படைகளின் போக்கையும் பேரனின் மடல்களையும் ஊடும் பாவுமாக அவர் நெய்கிறார். இந்நூல் பெரும்பாலும் கல்யாணின் மடல்களுக்காகவே எடுத்தாளப்படுகிறது. போர் பற்றிய அவருடைய கசப்பும் பேரரசின் ஆசைகளைக் குறித்த கூர்மையான வினாக்களும் அதற்குத் தகுதியுடையனவே. எனினும் நூலின் ஆசிரியர் பாட்டி. எம்மடலை எவ்விடத்தில் வைப்பது, எந்த இடைவெளியைத் தம் உரையால் நிரப்புவது என்று முடிவு செய்தவர் அவர். வீட்டிலிருந்து கல்யாணுக்குச் சென்ற மடல்கள் நூலின் மையத்தில் இல்லை. ஆனால் பதினொரு ஆண்டுகள் கழிந்தபின் முதியவர் ஒருவர் எழுதிய இந்நூலையே பேரனுக்கு எழுதிய, பெறுவார் இல்லாத மடலாகக் கொள்ளலாம். இதனைத் தன்வரலாற்று எழுத்தாகவோ போர் வரலாறாகவோ வகைப்படுத்துவோர் இதன் விளி வடிவத்தைக் கவனிக்கத் தவறுகின்றனர்.

சந்தனு தாஸ் 2018-இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, எழுத்தாவணங்களைக் கடந்து ஒலிப்பதிவு, ஒளிப்படம், பொருள்கள், பாடல் ஆகியவற்றையும் ஒருங்கே நோக்கியமையால் இத்துறையின் எல்லையை விரித்தது. எழுத்தறியாத பெண்களின் சொல்லை மடலில் மட்டும் தேடுதல் பயனற்றது என்பதை அது உணர்த்துகிறது. அமர்ஜித் சந்தன் திரட்டிய பஞ்சாபி நாட்டார் பாடல்களும் இங்கு எண்ணத்தக்கன. எழுத்தர் முன்னிலையில் சொல்ல இயலாதவற்றை, போரையும் ஆள்சேர்ப்போரையும் பழித்தல் உட்பட, பெண்கள் பாட்டில் சொன்னார்கள். அப்பாடல்கள் பெறுவோனைச் சென்றடையவில்லை என்பதே மடலுக்கும் பாட்டிற்கும் உள்ள வேறுபாடு.

இரண்டாம் உலகப்போரிலும் மத்தியகிழக்கில் இருந்த இந்தியப் படையினரின் அஞ்சல் இவ்வாறே படிக்கப்பட்டு அறிக்கைகள் எழுதப்பட்டன. 1943 வங்கப் பஞ்சத்தையொட்டி ஊரின் விலைவாசியும் பட்டினியும் பற்றிய கவலை அவற்றில் மேலோங்கியது. அப்போரில் சென்னை மாகாணம் பெருமளவில் ஆள் தந்தமையால், தமிழ்க் குடும்பங்களின் மடல்களைத் தேடுவோர் தொடங்க வேண்டிய இடம் அதுவே. அது தனி ஆய்விற்குரியது.

பிரான்சுக் கோப்புகளைப் பொறுத்தவரை, புதியதொரு வாய்ப்பு அண்மையில் உருவாகியுள்ளது. பஞ்சாப் அரசு போர் முடிந்தவுடன் ஊர்வாரியாகத் தொகுத்த படைப்பணிப் பதிவேடுகள் இலாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் படிப்பாரற்றுக் கிடந்தன. ஏறத்தாழ 26,000 பக்கங்களில் 3,20,000 பேரைப் பற்றிய குறிப்புகளைக் கொண்ட அவற்றின் ஒரு பகுதி 2021-இல் மின்வடிவில் வெளியிடப்பட்டது. தணிக்கைப் பகுதிகள் பலவற்றில் அனுப்புநரின் ஊரும் பெறுநரின் படைப்பிரிவும் மடலின் நாளும் குறிக்கப்பட்டுள்ளன. ஊரையும் படைப்பிரிவையும் பதிவேட்டோடு ஒப்பிட்டால் பெறுநர் யார், எக்குடும்பத்தவர் என்பது பலவிடத்துத் தெளிவாகும். போர் நினைவு ஆணையத்தின் இறந்தோர் பட்டியலையும், 1927-இல் திறக்கப்பட்ட நூவ் சப்பல் இந்திய நினைவகத்தில் பொறிக்கப்பட்ட 4,700-க்கும் மேற்பட்ட பெயர்களையும் அதனோடு வைத்துப் பார்க்கலாம். வெட்டப்பட்ட வணக்கங்கள் இதனால் திரும்பி வரப்போவதில்லை. விடுப்புக் கேட்டீரா என்று ஒருத்தி சொல்லி எழுதவைத்த நாளில், அதைப் படித்துக் கேட்க வேண்டியவன் உயிரோடிருந்தானா என்ற ஒரு வினாவிற்காவது சில மடல்களைப் பொறுத்து விடை காண முடியும்.